நான்கு கொடிகளின் கீழ் ஒரு மொழி



ஆசியாக் கண்டத்தின் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு ஆப்கானிஸ்தானத்தைச் சற்றுக் கூர்ந்து நோக்கினால், அத்தேசத்தின் வடகிழக்கு மூலையிலிருந்து ஒரு மெல்லிய நிலத்துண்டு சட்டைக் கையைப்போல் கிழக்கே நீண்டு சீனத்தின் எல்லையைத் தொடுவது தெரியும். அதன் நீளம் சுமார் 350 கிலோமீட்டர். அகலமோ சில இடங்களில் 20 கிலோமீட்டருக்கும் குறைவு. வடக்கே பாமீர் மலைகள். தெற்கே இந்துகுஷ் தொடர். கிழக்குக் கோடியில் காரகோரம். இந்த நிலத்துண்டுக்கு வாகான் என்று பெயர்.

இயற்கை இப்படியோர் உருவத்தை வகுக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் சாம்ராஜ்யமும் ரஷ்ய சாம்ராஜ்யமும் ஒன்றையொன்று நேருக்கு நேர் தொட்டுக்கொள்ளலாகாது என்று அஞ்சி, நடுவே ஒரு வேலிபோல் ஒதுக்கி வைத்த நிலம் அது. அந்த வேலிக்குள்ளும் அதற்கு இருபுறத்திலும் அகப்பட்டுக்கொண்டவர்கள் வாகி மக்கள். அவர்கள் பேசும் மொழிக்கும் வாகி என்றே பெயர். அம்மொழியைப் பற்றியும் அதைப் பேசுவோரைப் பற்றியும் இன்று சில வார்த்தைகள் கூற விரும்புகிறோம்.

வாகி என்பது பிறர் வைத்த பெயர். அம்மக்கள் தம்மை அழைத்துக்கொள்ளும் பெயரைத் தமிழில் எழுதுவது எளிதன்று. தொண்டையின் முற்பகுதியில் காற்று உரசிப் பிறக்கும் ஒரு மெய்யொலியுடன் அது தொடங்குகிறது. நம்மிடம் உள்ள ஆய்த எழுத்தைத் துணைக்கு அழைத்து 'ஃகிக்' என்று எழுதலாம். மொழியின் பெயர் 'ஃகிக் ஸிக்'. ஸிக் என்றால் நாக்கு. ஆய்தத்துக்கு இந்தக் காலத்தில் வேலையில்லை என்று எண்ணுவோர் இப்படிப்பட்ட அயல்மொழிப் பெயர்களை எழுத நேரும்போது அதன் அருமையை அறிவார்கள்!

மொத்தத்தில் இம்மொழி பேசுவோர் ஒரு லட்சத்துக்கும் குறைவானவர்களே. இந்தச் சிறிய தொகையும் ஓரிடத்தில் இல்லை. ஆப்கானிஸ்தானத்து வாகானில் ஒரு பகுதி. பஞ்ஜ் நதியின் எதிர்க்கரையில், தஜிகிஸ்தானத்தின் இஷ்காஷிம் மாவட்டத்தில் ஒரு பகுதி. மலையைத் தாண்டித் தெற்கே ஹுன்ஸாவின் மேற்பகுதியான கோஜாலிலும் இஷ்கோமன் பள்ளத்தாக்கிலும் சித்ராலின் ப்ரோகில் மேட்டிலும் ஒரு பகுதி. கிழக்கே சீனத்தின் தாஷ்குர்கான் பிரதேசத்தில் இன்னொரு பகுதி. கோஜாலும் இஷ்கோமனும் இருக்கும் கில்கித் பிரதேசம் 1947-க்கு முன் ஜம்மு-காஷ்மீர் சமஸ்தானத்தோடு சேர்த்து எண்ணப்பட்டது என்பதும், அன்று முதல் பாகிஸ்தானின் நிர்வாகத்தில் இருந்து வருகிறது என்பதும் நேயர்கள் அறிந்தவை. ஆக, ஒரு சிறு பட்டணத்தின் ஜனத்தொகையே உள்ள ஒரு மொழி நான்கு தேசங்களின் கொடிகளுக்குக் கீழே பிரிந்து கிடக்கிறது.

வாகான் அந்தக் காலத்தில் யாருக்கும் தெரியாத மூலை அன்று. அது ஒரு ராஜபாட்டை. ஏழாம் நூற்றாண்டில் நம் தேசத்துக்கு வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங், காஞ்சிபுரம் வரை வந்தவர் என்பதை நாம் பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறோம். அதே யுவான் சுவாங் ஊர் திரும்பும்போது வாகான் வழியாகவே போனார். குளிர்ந்த காற்றைப் பற்றியும், அங்குள்ள விகாரத்தைப் பற்றியும் எழுதிவிட்டு, அம்மக்களின் கண்கள் பிறருடைய கண்களைப்போல் அல்லாமல் நீலமும் பச்சையும் கலந்த நிறமாக இருக்கின்றன என்றும் குறித்து வைத்தார். காஞ்சியின் வெயிலைக் கண்டவர் வாகானின் பனியையும் கண்டு எழுதியது நமக்கு ஒரு தனி மகிழ்ச்சி. தஜிகிஸ்தானத்துப் பக்கத்தில் வ்ராங் என்ற கிராமத்துக்கு மேலே மலைச்சரிவில் இன்றும் அடுக்கடுக்கான கற்கட்டடம் ஒன்றின் சிதைவு நிற்கிறது. அதைப் பௌத்த ஸ்தூபி என்கிறார்கள்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ இவ்வழியே சென்றார். மேட்டு நிலத்தின் உயரத்தினாலும் குளிரினாலும் அங்கே நெருப்புகூடப் பிரகாசமாக எரிவதில்லை என்று அவர் எழுதினார். அதை நெடுங்காலம் பிரயாணியின் கட்டுக்கதை என்று சிரித்தார்கள். காற்று மெலிந்த உயரத்தில் நெருப்பு மந்தமாக எரியும் என்பதும் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிட்டாலும் பருப்பு வேகாது என்பதும் இப்போது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். பெருங்கொம்புகளையுடைய பாமீரின் காட்டாட்டுக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது.

இந்த ராஜபாட்டை எப்படி முட்டுச்சந்து ஆயிற்று என்பதுதான் நம் கதையின் நடுப்பகுதி.

வாகானுக்குச் சொந்தமாக ஒரு சிற்றரசு இருந்தது. அதன் அரசர்களை மீர் என்பார்கள். 1873-ல் லண்டனும் செயிண்ட் பீட்டர்ஸ்பர்கும் கடிதங்கள் மூலம் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன: ஆக்ஸஸ் என்று கிரேக்கர்கள் அழைத்த நதியே ஆப்கானிஸ்தானத்தின் வட எல்லை. எழுதியவர்கள் அந்த நதியைக் கண்ணால் கண்டதில்லை. நதி எல்லையாக இருப்பது வரைபடத்தில் மிக நேர்த்தியாகத் தோன்றும். ஆனால் மலைநாட்டில் நதி என்பது ஊருக்கு நடுவில் ஓடுவது. இரு கரையிலும் ஒரே ஜனங்கள், ஒரே உறவு, ஒரே வாய்க்கால் முறை. வாகான் சிற்றரசும் இரு கரையிலும்தான் இருந்தது. 1883-ல் ஆப்கானியப் படைகள் வாகானைப் பிடித்தபோது கடைசி மீர் அலி மர்தான் ஷா தம் பரிவாரத்துடன் மலையைக் கடந்து தெற்கே ஓடினார். இஷ்கோமன் பள்ளத்தாக்கில் குடியேறினார். அவருக்கு முன்னும் பின்னும் வரிக்கும் போருக்கும் அஞ்சி, மேய்ச்சல் நிலம் தேடி, கணவாய்களைக் கடந்து வந்து கோஜாலில் குடியேறியவர்கள் பலர்.

1895-ல் எல்லைக் கமிஷன் ஒன்று வந்தது. ஆங்கில அதிகாரிகளும் ரஷ்ய அதிகாரிகளும் ஸோர்குல் என்ற ஏரியிலிருந்து தொடங்கிக் கிழக்கே சீனத்தின் எல்லை வரை தூண்கள் நட்டார்கள். அந்த ஏரி 4,100 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருக்கிறது. 1838-ல் அங்கே போய்ச் சேர்ந்த ஜான் வுட் என்ற கடற்படை அதிகாரி அதற்கு விக்டோரியா ராணியின் பெயரைச் சூட்ட விரும்பினார். ராணியின் பெயர் போய்விட்டது. எல்லை மட்டும் நின்றுவிட்டது. பஞ்ஜ் நதிக்கு வடக்கே உள்ள வாகிக் கிராமங்கள் ரஷ்யாவின் பக்கம். தெற்கே உள்ளவை ஆப்கானிஸ்தானத்தின் பக்கம்.

முதலில் இந்தக் கோடு மக்களின் நடமாட்டத்தைப் பெரிதாகத் தடுக்கவில்லை. சோவியத் ஆட்சி வேரூன்றிய பிறகு எல்லை இறுகிற்று. பிறகு கல்யாணம் இல்லை, சந்தை இல்லை, இழவுக்கும் போய்வர முடியாது. நதியோ பல இடங்களில் கல்லெறி தூரம்தான். எதிர்க்கரையில் உழுவது தெரியும். மாலையில் விளக்கு ஏற்றுவது தெரியும். ஒரு கரையில் பிள்ளைகள் ருஷ்ய எழுத்தில் தஜிக் மொழியைப் படித்து மருத்துவர்களாகவும் ஆசிரியர்களாகவும் ஆனார்கள். மறுகரையில் வெகுகாலம் பள்ளிக்கூடமே இல்லை. இரண்டு தலைமுறைக்குள் ஒரே மொழியின் இரண்டு பாதிகளுக்கு இரண்டு வேறு உலகங்கள் அமைந்துவிட்டன. 1991-ல் சோவியத் யூனியன் கலைந்தது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆகா கான் ஸ்தாபனங்களின் உதவியால் பஞ்ஜ் நதியின்மேல் சில பாலங்கள் எழுந்தன. இஷ்காஷிமில் இரு கரையாரும் கூடும் சந்தையும் நடந்தது. 2021-ல் காபூலில் ஆட்சி மாறிய பிறகு எல்லை மறுபடியும் இறுகியது.

ஆகா கான் என்றதும் புணேயில் வாழும் நேயர்களுக்கு, காந்தியடிகள் 1942 முதல் 1944 வரை காவலில் இருந்த மாளிகை நினைவுக்கு வரும். அந்த ஆகா கானைத் தங்கள் இமாமாக ஏற்ற இஸ்மாயிலி முஸ்லிம்கள்தாம் வாகி மக்கள். 49-ஆவது இமாம் 2025 பிப்ரவரியில் காலமாக, அவருடைய குமாரர் ரஹீம் 50-ஆவது இமாமாக இருக்கிறார். நான்கு தேசத்து வாகிகளையும் ஒருங்கே பிணைப்பவை மொழியும் இந்தச் சமயமும்தாம். அவர்களுடைய வீட்டை 'ஃகுன்' என்கிறார்கள். ஒரே பெரிய அறை. அதைத் தாங்கும் ஐந்து தூண்கள். உச்சியில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுகிச் செல்லும் நான்கு சதுரச் சட்டங்கள், அவற்றின் நடுவே வெளிச்சமும் புகையும் போய்வர ஒரு சாளரம். ஐந்து தூண்களையும் நபிகள் நாயகம், அலி, பாத்திமா, ஹஸன், ஹுஸைன் ஆகிய ஐவரின் பெயரால் போற்றுகிறார்கள். கடுங்குளிரில் ஏழெட்டு மாதம் அந்த ஓரறைதான் உலகம். பாட்டி கதை சொல்வதும் குழந்தை மொழி கற்பதும் அதற்குள்தான்.

இனி மொழிக்கு வருவோம். வாகி ஈரானிய மொழிக் குடும்பத்தின் கீழைக் கிளையைச் சேர்ந்தது. பாரசீகத்துக்கு இது தூரத்து உறவே தவிர, கிளைமொழி அன்று. பாரசீகம் அறிந்தவருக்கு வாகி விளங்காது. இந்தி பேசும் ஊர்களில் வாழும் நம் நேயர்கள் அதன் எண்களைக் கேட்டால் சில பழகிய முகங்களைக் காண்பார்கள். ஒன்று 'யிவ்', இரண்டு 'புய்', மூன்று 'த்ருய்', ஆறு 'ஷாத்', ஒன்பது 'நவ்', பத்து 'தஸ்'. மகனுக்கு 'பெத்ர்', ஸம்ஸ்கிருதத்தின் புத்ர சப்தம் அப்படியே உருண்டு வந்தாற்போல் இருக்கிறது. தந்தை 'தாத்', தாய் 'நான்', தண்ணீர் 'யுப்க்', நான் என்பதற்கு 'வுஸ்'.

குதிரைக்கு உள்ள சொல்லைத் தனியே கூறவேண்டும். பாரசீகத்தில் 'அஸ்ப்'. ஈரானிய மொழிகளில் பெரும்பாலானவற்றில் இந்த 'ஸ்ப்' என்ற ஒலியே வரும். வாகியில் மட்டும் 'யஷ்'. நாய்க்கும் அவ்விதமே 'ஷச்'. இப்படிச் சொல்லும் இன்னோர் ஈரானிய மொழி எங்கே என்று தேடினால், அது தக்லமகான் பாலைவனத்தின் ஓரத்தில் கோத்தான் என்ற ஊரில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மறைந்துபோன மொழி. பௌத்த சமய நூல்கள் நிறைந்த அந்த மொழியின் ஏடுகள் மணலுக்குள் புதைந்து கிடந்தன. அவற்றைத் தேடிச் சென்றவர்களில் முக்கியமானவர் ஆரல் ஸ்டைன். அவர் தம் இரண்டாம் யாத்திரையில், 1906-ல், இந்த வாகான் வழியாகவே சீனத்துக்குள் புகுந்தார். அவர் கொணர்ந்த மத்திய ஆசியப் பொருள்களில் ஒரு பகுதி டில்லி தேசிய அருங்காட்சியகத்துக்கு உரியது. டில்லிவாசிகளாகிய நம்மில் எத்தனை பேர் அந்தக் கூடத்துக்குள் நுழைந்திருக்கிறோம் என்று கேட்டால், நாமும் தலைகுனிய வேண்டியதுதான். கோத்தான் மொழி செத்துவிட்டது. அதன் நெருங்கிய இயல்புகளைச் சுமந்துகொண்டு வாகி இன்றும் ஆட்டு மந்தைகளின் பின்னே நடந்துகொண்டிருக்கிறது.

தமிழர்களாகிய நமக்கு இன்னும் இரண்டு செய்திகள் சுவையாக இருக்கும். ஈரானிய மொழிகளில் நாவை மடித்து ஒலிக்கும் டகரம் போன்ற ஒலிகள் அரிது. வாகியில் அவை நிரம்ப உண்டு. அடுத்தது, சுட்டுச் சொற்கள். நமக்கு இக்காலத்தில் இது, அது என்ற இரண்டே உள்ளன. பழந்தமிழில் நடுவே 'உது' என்றும் ஒன்று இருந்தது; யாழ்ப்பாணத்தார் அதை இன்றும் வழங்குகிறார்கள். வாகியிலும் மூன்று சுட்டுகள்: என் அருகில் இருப்பது 'யெம்', உன் அருகில் இருப்பது 'யெத்', அப்பால் இருப்பது 'யாவ்'. இதைக் கேட்டதும், தமிழுக்கும் வாகிக்கும் பண்டைக் காலத்தில் உறவு இருந்தது என்று ஒரு கட்டுரை எழுதிவிடலாம் எனச் சிலருக்குக் கை துடிக்கும். அன்பர்கள் அந்த ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். நா மடி ஒலிகள் அந்த மலைப் பிரதேசத்தில் அண்டை மொழிகள் பலவற்றுக்கும் பொது. மூன்று சுட்டுகளோ உலகில் ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத எத்தனையோ மொழிகளில் உண்டு.

இம்மொழியை முதன்முதலில் விரிவாக எழுதி வெளியிட்டவர் ராபர்ட் ஷா என்பவர். யார்க்கந்துக்குப் பிரயாணம் செய்து பெயர்பெற்றவர். அவருடைய கட்டுரை 1876-ல் கல்கத்தாவில், வங்காள ஆசியச் சங்கத்தின் சஞ்சிகையில் வந்தது. பிறகு கிரியர்ஸனின் பெரும் மொழியாராய்ச்சி வந்தது. அதன் பத்தாம் தொகுதியில், 1921-ல், ஈரானிய மொழிகளோடு வாகியும் இடம்பெற்றது. இதில் ஒரு விசித்திரம் உண்டு. இந்திய மொழிகளின் ஆராய்ச்சி என்று பெயர் கொண்ட அந்த மாபெரும் வேலையில் சென்னை ராஜதானி நேரடியாக ஆராயப்படவே இல்லை. தமிழைப் பற்றி நான்காம் தொகுதியில் வேறு நூல்களைக் கொண்டு எழுதினார்கள். இமயத்துக்கும் அப்பால் சில ஆயிரம் பேர் பேசிய மொழியின் மாதிரியைத் தேடிப் பிடித்த சர்க்காருக்கு, கோடிக்கணக்கானோர் பேசிய மொழியின் வாசலுக்குப் போக அவசியம் தோன்றவில்லை. எல்லையில் வாழ்வோரின் மொழிமீது சர்க்காருக்கு எப்போதும் ஒரு தனிக் கவனம் உண்டு. அந்தக் கவனம் மொழியின்மீது கொண்ட அன்புதானா என்பது வேறு விஷயம். லாரிமர் என்ற மற்றோர் ஆங்கிலேயர், உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பின் ஹுன்ஸாவுக்குத் திரும்பிச் சென்று உழைத்தவர். அவருடைய வாகி மொழி நூல் இரண்டு பாகங்களாக 1958-ல் வெளிவந்தது.

நிற்க. நாம் மொழிபெயர்ப்பையே ஜீவனோபாயமாகக் கொண்டவர்கள். சர்க்கார் படிவங்களையும் சட்டங்களையும் ஒரு பாஷையிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுவது நம் அன்றாட வேலை. 'தாய்மொழி' என்று அச்சிட்ட ஒரு சிறு கட்டத்தை எத்தனையோ தடவை மொழிபெயர்த்திருக்கிறோம். அந்தக் கட்டத்தில் ஒருவர் என்ன எழுதுகிறார் என்பதைவிட, என்ன எழுத அனுமதிக்கப்படுகிறார் என்பதே பெரிய விஷயம் என்று நமக்குத் தோன்றுவதுண்டு. நம் தேசத்து ஜனக்கணக்கிலும் 1971 முதல், பத்தாயிரம் பேருக்குக் குறைவானோர் பேசும் மொழிகள் பெயர் பெறாமல் 'இதர' என்ற தலைப்புக்குள் போய்விடுகின்றன.

வாகியின் கதை இதனினும் சிக்கலானது. சீனத்தில் அம்மக்களுக்கு 'தஜிக்' என்று பெயர். ஆனால் சீனத்துத் தஜிக்குகள் பேசுவது தஜிக் மொழி அன்று. பெரும்பாலோர் ஸாரிகோலி என்ற வேறொரு பாமீர் மொழியையும், சிலர் வாகியையும் பேசுகிறார்கள். ஆற்றுக்கு அப்பால் தஜிகிஸ்தானத்திலும் அவர்கள் கணக்கில் தஜிக்குகளே. அங்கே அந்தச் சொல்லுக்குப் பொருள் பாரசீகத்தின் உடன்பிறப்பான மொழியைப் பேசுவோர் என்பது. ஒரே பெயர், இரண்டு பொருள், இரண்டும் வாகிக்குப் பொருந்தவில்லை. ஆப்கானிஸ்தானத்தில் 2004-ம் ஆண்டு அரசியல் சட்டம் மொழிகளை அடுக்கிய இடத்தில் 'பாமீரி' என்று ஒரு பெயரைச் சேர்த்தது. சட்டத்தில் ஏறியதே பெரிய காரியம் என்று மகிழலாம். ஆயினும் பாமீரி என்று தனியாக ஒரு மொழி கிடையாது. ஷுக்னி ஒன்று, இஷ்காஷிமி ஒன்று, வாகி ஒன்று. ஷுக்னி பேசுபவருக்கு வாகி புரியாது. எந்தப் பாமீரியில் பாடப் புத்தகம் எழுதுவது? அந்தக் கேள்விக்கு விடை வருமுன்பே, 2021-ல், அந்தச் சட்டமும் போய்விட்டது. கோஜாலிலோ இவர்களை ஊர்ப் பெயரைக் கொண்டு கோஜாலி என்றும் அழைக்கிறார்கள். மலையின் நான்கு பக்கத்தில் நான்கு பெயர்கள். ஒருவரையொருவர் சந்தித்தால் மட்டும் 'ஃகிக்'.

எழுத்தின் கதையும் அப்படியே. வாகிக்குப் பழைய எழுத்து வழக்கு இல்லை. இதை வைத்து, கல்வியில்லாத ஜனங்கள் என்று எவரும் முடிவு கட்டிவிடக் கூடாது. வடகரையில் யம்க் என்ற கிராமத்தில் முபாரக் வாகானி என்றொரு பெரியவர் வாழ்ந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்ந்து, இருபதாம் நூற்றாண்டின் வாசலில் மறைந்தவர். கவி, ஞானி, இசைவாணர், வானநூல் வல்லவர். துளையிட்ட ஒரு கல்லின் வழியே சூரியன் எழும் இடத்தைக் கவனித்து, நவ்ரோஸ் என்ற புத்தாண்டு நாளைக் கணித்தார் என்று இன்றும் அந்தக் கல்லைக் காட்டுகிறார்கள்; அவர் வீடு அருங்காட்சியகமாக இருக்கிறது. அவர் ஏராளமாக எழுதினார். எழுதியது எல்லாம் பாரசீகத்தில். வீட்டில் வாகி, ஏட்டில் பாரசீகம். அதுவே அக்காலத்து முறை. வாகியில் எழுதலாம் என்ற எண்ணமே ஒருவருக்கும் எழவில்லை.

எழுதவேண்டும் என்ற எண்ணம் சென்ற நூற்றாண்டின் கடைசியில்தான் வலுப்பெற்றது. கோஜாலில் சிலர் ரோமன் எழுத்தைக் கொண்டு, போதாத ஒலிகளுக்குக் கிரேக்க எழுத்துகளையும் மேற்குறிகளையும் சேர்த்து ஒரு முறை வகுத்தார்கள். வேறு சிலர், பிள்ளைகள் உருதுப் பள்ளியில் படிப்பதால் அரபு எழுத்தே நல்லது என்றார்கள். தஜிகிஸ்தானத்தில் ருஷ்ய எழுத்துதான் கைக்குப் பழகியது. ஒவ்வொருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் பலன் என்ன? யுப்க் என்ற சிறு சொல்லை, தண்ணீரை, கோஜாலில் ஒருவர் எழுதினால் இஷ்காஷிமில் இருப்பவர் எழுத்துக் கூட்டிப் படிக்க முடியாது. வாயால் சொன்னால் உடனே குவளையைக் கொண்டுவந்து கொடுப்பார். நம்மைக் கேட்டால், எந்த எழுத்து என்பதைப் பற்றிப் பத்தாண்டு வாதம் செய்வதைவிட எந்த எழுத்திலாவது ஒரு குழந்தைகள் புத்தகம் வருவது மேல் என்போம். ஆனால் நாம் வெளியில் நின்று பேசுகிறவர்கள். எழுத்து என்பது வெறும் மையன்று, எந்தத் தேசத்தோடு நம் பிள்ளை வாழப்போகிறான் என்ற கேள்வியும் அதற்குள் இருக்கிறது என்பதை அந்த மலைவாசிகள் நம்மைவிட நன்றாக அறிந்திருக்கிறார்கள்.

கோஜாலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் மாறுதல் அங்கேதான் மிக வேகமாக வந்தது. 1974 வரை அது ஹுன்ஸா மீரின் ஆட்சியில் இருந்தது. தானியமும் வெண்ணெயும் கம்பளியும் வரியாகப் போயின. காரகோரம் நெடுஞ்சாலை அமைந்து, 4,693 மீட்டர் உயரமுள்ள குஞ்சராப் கணவாய் 1986-ல் பிரயாணிகளுக்குத் திறக்கப்பட்டது. குல்மித், பாஸு, ஸோஸ்த் ஆகிய கிராமங்களின் வாசல் வழியே லாரிகள் ஓடத் தொடங்கின. பள்ளிகள் பெருகின, ஆண்களோடு பெண்களும் படித்தார்கள், பிள்ளைகள் கராச்சிக்கும் இஸ்லாமாபாதுக்கும் போனார்கள். 2010 ஜனவரி 4 அன்று அத்தாபாத் என்னுமிடத்தில் மலை சரிந்து 20 பேர் மாண்டார்கள். ஹுன்ஸா நதி அடைபட்டு 20 கிலோமீட்டருக்கு மேல் நீண்ட ஏரி உண்டாயிற்று. வீடுகளும் தோட்டங்களும் சாலையும் நீருக்குள் போயின. மேலேயுள்ள கோஜால் முழுவதும் துண்டுபட்டது. உருளைக்கிழங்கு மூட்டையும் நோயாளியும் மணப்பெண்ணும் படகில்தான் போகவேண்டும். 2015-ல் சுரங்கப் பாதைகள் திறக்கப்படும் வரை ஐந்தரை ஆண்டுகள் இந்த நிலை.

ஷிம்ஷால் என்ற கிராமம் அதற்கும் உள்ளே. 1985-ல் தொடங்கிய சாலை வேலை, கிராமத்தாரின் சொந்த உழைப்பும் பெருமளவில் சேர்ந்து, 2003-ல்தான் முடிந்தது. அதற்கு முன் பெருஞ்சாலைக்கு வர மூன்று நாள் நடை. பாகிஸ்தானிலுள்ள 8,000 மீட்டருக்கு மேற்பட்ட ஐந்து சிகரங்களிலும் ஏறிய ரஜப் ஷாவும், 2013-ல் எவரெஸ்டில் ஏறிய முதல் பாகிஸ்தானியப் பெண்மணியான ஸமீனா பெய்க்கும் இந்தக் கிராமத்தார். மூட்டை சுமக்க மலையேறியவர்களின் ஊர், பெயருக்காகவும் ஏறத் தொடங்கியது.

அந்த ஊரின் கோடைக்கால மேய்ச்சல் முழுவதும் பெண்களின் பொறுப்பாக இருந்து வந்தது. 4,000 மீட்டருக்கு மேலே உள்ள புல்வெளிக்கு ஆடு, யாக் மந்தைகளுடன் அவர்கள் போவார்கள். பால் கறந்து, தயிர் கடைந்து, மோரைக் காய்ச்சி இறுக்கி 'குருத்' என்ற உலர்ந்த கட்டிகளாக்கி, குளிர்காலத்துக்குச் சேமித்துக்கொண்டு பனி விழுமுன் இறங்குவார்கள். கணவனையும் தாயையும் கைக்குழந்தையையும் பிரிந்திருக்கும் அந்த மாதங்களில் அவர்கள் பாடும் பாட்டுக்குப் 'புல்புலிக்' என்று பெயர். மூன்று மூன்று அடியாக வரும் சிறு பாட்டு. பக்கவாத்தியம் இல்லை; சபை இல்லை; எதிரே மலை மட்டும். பிறந்த வீட்டை நினைத்து, தூரதேசம் போன அண்ணனை நினைத்து, ஒருத்தி பாடுவாள். எதிர்ச்சரிவில் இருக்கும் மற்றொருத்தி கேட்டு அழுவாள்.

இப்போது மேய்ச்சலுக்குப் போகும் பெண்கள் குறைந்துவிட்டார்கள். போகவேண்டும் என்று நாம் இங்கே சௌகரியமாக உட்கார்ந்துகொண்டு சொல்வது முறையாகாது. உறைபனியில் விறகு சுமப்பதைவிட ஒரு பெண் வைத்தியப் படிப்புப் படிப்பது மேல் என்பதில் அவர்களுடைய தாய்மார்களுக்கே ஐயம் இல்லை. ஆனால் அந்தப் பாட்டு புல்வெளியில்தான் பிறந்தது, வகுப்பறையில் பிறக்கவில்லை. குல்மித்தில் ஓர் இசைப் பள்ளி ஏற்படுத்தி, இளம்பிள்ளைகளுக்கு இப்பாடல்களையும் ரபாப் முதலிய வாத்தியங்களையும் கற்பிக்கிறார்கள். பாடத் தெரிந்த பாட்டிமார்களிடம் சென்று கேட்டுப் பதிவு செய்கிறார்கள். அந்தப் பதிவுகளை எழுத்தில் வடிக்கும்போது சொல்லுக்குச் சொல் சிக்கல். மந்தையின் ஒவ்வொரு வயதுக்கும், பனியின் ஒவ்வொரு நிலைக்கும் பாட்டிக்குத் தெரிந்த சொல் பேத்திக்குத் தெரியாது. பேத்தி உருதுச் சொல்லைப் போட்டு ஒப்பேற்றுகிறாள்; பாட்டிக்கு அது விளங்குவதில்லை. யுனெஸ்கோவின் மொழிப் பட்டியலில் வாகி, நிச்சயமாக ஆபத்தில் இருப்பது என்ற வகுப்பில் வைக்கப்பட்டிருக்கிறது.

ஆயினும் மொழி இன்னும் வீட்டில் இருக்கிறது. கோஜாலின் கிராமங்களில் குழந்தைகள் முதலில் பேசுவது வாகிதான். குளிர் முடியும் தறுவாயில், வீட்டின் உள்ளே அத்தனை மாதம் படிந்த புகைக்கரியைத் துடைத்து, சுவரில் மாவினால் கோலமிட்டுக் கொண்டாடும் பண்டிகைக்கு வாகியில்தான் பெயர்: 'கித்-தித்', அதாவது புகையை அகற்றுதல். கராச்சியில் வேலைபார்க்கும் இளைஞர்கள் சிலர் அந்த நாளுக்காக இரண்டு பகலும் இரவும் பஸ்ஸில் உட்கார்ந்து ஊருக்கு வருகிறார்கள்.

கில்கித் வானொலி நிலையம் வாகியில் ஒரு நிகழ்ச்சியை ஒலிபரப்பி வந்திருக்கிறது. அதன் பெயர் 'பாமே துனியா', உலகத்தின் கூரை என்று பொருள். அந்தப் பெயர் மட்டும் பாரசீகம். வானொலி அலைக்குக் கணவாயும் தெரியாது, எல்லைத் தூணும் தெரியாது. அறிவிப்பாளர் வணக்கம் சொல்லிப் பேசத் தொடங்கும்போது, அவர் முன்னே இருக்கும் தாளில் அதை எந்த எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார் என்று கேட்பவர்களில் ஒருவரும் கவலைப்படுவதில்லை.